கோடைக் காலத்து ஈக்கடியும் குதிரை, மாடுகளின் பாதுகாப்பும்

உழவர் குடும்பத்தில் கால்நடையும் ஓர் அங்கம் என்பது யாவரும் அறிந்ததே. கோடை வந்ததும் கால்நடைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும் என்று நாம் கவலை கொள்கிறோம். ஆனால் ஈயை மட்டும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. "வால் இருக்கிறது, ஓட்டிக்கொள்ளும்" என்று சொல்லி இருந்துவிடுகிறோம். வாலால் ஓட்டிவிடக்கூடிய ஈக்களும் உண்டு; குதிரையின் உயிரையே கொண்டுபோகும் நோயைச் சுமந்து வரும் ஈக்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து தக்க ஏற்பாடுகளைச் செய்வது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்து ஏரி 24 அடி ஆழமும், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. கோடையில் நீர் வற்ற வற்ற, கரையோரம் அகன்ற சேற்று நிலம் வெளிப்படும். சிறு குட்டைகள் காய்ந்துபோவதால் சுற்றுப்புறத்து மாடுகளும் எருமைகளும் அந்த ஓரத்தையே நாடி வருகின்றன. மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் பெருமளவு மறைந்துவிட்ட இக்காலத்திலும், திருமண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் குதிரை வளர்த்து ஜீவனம் செய்வோர் சென்னையைச் சுற்றிலும் உள்ளனர். அக்குதிரைகளும் புல்லுக்காக இத்தகைய நீர்நிலைகளின் பக்கம் ஓட்டிவரப்படுவது உண்டு. பல இனக் கால்நடைகள் ஓரிடத்தில் கூடுவதும், ஈக்கள் அங்கே மிகுந்திருப்பதும் சேர்ந்தால் நோய் பரவுவதற்கு வேறென்ன வேண்டும்?

இருவகை ஈக்கள்

நாம் முக்கியமாக அஞ்ச வேண்டியவை இரண்டு. முதலாவது கொட்டில் ஈ. இது பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும். ஆனால் வீட்டு ஈ கடிக்காது. இதற்கோ தலையின் முன்புறம் ஊசி போன்று நீட்டிக்கொண்டிருக்கும் குழல் உண்டு. ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் கால்களிலேயே கடிக்கும். குதிரை ஓயாமல் தரையை உதைத்துக்கொண்டிருந்தால், பிடிவாதம் என்று அதை அடிக்காமல், குனிந்து அதன் கால்களைப் பாருங்கள்.

இந்த ஈ சாணமும் மூத்திரமும் கலந்து அழுகிய வைக்கோற் கூளத்தில் முட்டையிடுகிறது. வெப்பக் காலத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் பருவங்களைக் கடந்து ஈயாக வெளிவர இரண்டு மூன்று வாரங்களே போதும். ஆகவே நம் தொழுவத்து ஈக்குப் பெரும்பாலும் நம் தொழுவமே பிறப்பிடம்.

இரண்டாவது குதிரை ஈ எனப்படும் பெரிய ஈ. பெரிய கண்களும் தடித்த உடலும் கொண்டது. இதில் பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். ஆண் ஈ பூந்தேனை உண்டு வாழும். இதன் வாய் ஊசியன்று, கத்தி. தோலை அறுத்து, ஊறும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். ஆதலால் வலி மிகுதி. நீரோரக் கோரை, புல் ஆகியவற்றின் இலைகளில் இது முட்டையிடும். புழுக்கள் கீழே விழுந்து சேற்றில் மாதக்கணக்கில் வளரும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் இவை கூட்டமாக வெளிப்படுவதைக் காணலாம். வெயில் மிகுந்த பகற்பொழுதே இவற்றுக்கு உகந்த நேரம்.

ஈ சுமக்கும் நோய்

வலி தாங்காமல் குதிரை உடலை உதறும்போது, பாதி குடித்த ஈ பறந்து, அருகில் நிற்கும் மற்றொரு பிராணியின்மேல் அமர்ந்து மீதியைக் குடிக்கிறது. அதன் வாயில் ஒட்டிய இரத்தத்துடன் கிருமியும் இடம் மாறுகிறது. சர்ரா என்னும் நோய் இவ்வாறே பரவுகிறது. 1880ஆம் ஆண்டில் கிரிபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அந்நாளைய பஞ்சாப் மாகாணத்துத் தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஈக்கள் இதைப் பரப்புவதை 1901இல் லெனார்டு ராஜர்ஸ் சோதனை வாயிலாகக் காட்டினார். கடிக்கும் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் பகுதியும் பங்களித்துள்ளது. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன், கிராக் என்னும் இருவரும் சேர்ந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் நூல் 1913இல் சென்னையிலேயே வெளியாயிற்று.

சர்ரா கண்ட குதிரைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும். தீனி தின்றும் இளைக்கும். கண்ணின் உட்புறம் வெளுக்கும். கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கும். பின்னங்கால் தள்ளாடும். சிகிச்சை இல்லையேல் பெரும்பாலும் இறந்துவிடும். மாடு, எருமைகளிலோ கிருமி வெளித்தெரியாமல் நெடுநாள் மறைந்திருக்கக்கூடும். நோயற்றது போல் தோன்றும் எருமையின் பக்கத்தில் கட்டிய குதிரை நோயுறுவதற்கு இதுவே காரணம். எருமை வைத்திருப்பவர் மேல் பழி சொல்வதால் பயனில்லை. அவருக்கே அது தெரிந்திருக்க நியாயமில்லை.

மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019இல் ஒடிசாவில் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்ட இந்நோய், 2022இல் குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் பல்லாயிரம் மாடுகளை மடியச் செய்தது. ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன. இது குதிரைக்கு வருவதில்லை. ஆயினும் ஈயைத் தடுக்கும் முயற்சி ஒன்றே இரு நோய்களுக்கும் தடையாகும்.

செய்ய வேண்டுவன

கொட்டில் ஈயைப் பிறக்கும் இடத்திலேயே அழித்தல் வேண்டும். லாயத்திலும் தொழுவத்திலும் அன்றாடம் சாணத்தையும் நனைந்த கூளத்தையும் அகற்றுக. மூத்திரம் தேங்காமல் வழிந்தோடச் சாய்வுடன் தரை அமைத்திடுக. வாரியதைத் தொழுவத்தின் வாயிலிலேயே குவிப்பது ஈக்குத் தொட்டில் கட்டுவதற்கு ஒப்பாகும். கோடை வெயில் நமக்கு ஒரு வரம். சாணத்தை மெல்லியதாகப் பரப்பினால் ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். உலர்ந்ததில் புழு வாழாது. எருவாக்க விரும்புவோர் குழியில் இட்டு, மண்ணால் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிடுக. நன்கு மக்கும் எருவின் உட்சூடே புழுக்களைக் கொன்றுவிடும். ஈயாவதற்கு இரண்டு வாரமாவது தேவை என்பதால், வாரம் தவறாத துப்புரவு அச்சங்கிலியை அறுத்துவிடும்.

குதிரை ஈயின் செய்தி வேறு. ஏரிச் சேற்றை நாம் துப்புரவு செய்ய இயலாது. மருந்து தெளிக்கவும் கூடாது. ஆகவே கால்நடையை ஈயிடமிருந்து விலக்குவதே வழி. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மேய்த்து, நடுப்பகலில் நிழலான கொட்டகையில் கட்டுக. இந்த ஈ இருண்ட கொட்டகைக்குள் எளிதில் நுழைவதில்லை. எருமை சேற்றில் புரள்வது சோம்பலால் அன்று. உடற்சூட்டைத் தணிக்கவும், சேற்றுப் பூச்சால் ஈக்கடியைத் தடுக்கவுமே. குட்டை வற்றிய ஊரில் எருமைக்கு நாளைக்கு இருமுறையாவது நீர் ஊற்றுதல் நலம்.

குதிரைக்கு வெண்ணிறப் பருத்தித் துணியால் போர்வை தைத்து அணிவிக்கலாம். கண்களைக் காக்க மெல்லிய வலைத்துணியும், நெற்றியில் தொங்கும் நூல் குஞ்சமும் ஏற்றவை. அழகுக்காக வாலை ஒட்ட நறுக்குவது அதன் விசிறியைப் பறிப்பதாகும்.

நிறத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரை ஈ கருநிறத்தை நாடி வருகிறது. வெண்குதிரையை அது அவ்வளவாக அண்டுவதில்லை என்பதை ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். 2019இல் ஜப்பானில் கறுப்பு மாடுகளின் உடலில் வரிக்குதிரையைப் போல் வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்ததில், அவற்றின்மேல் அமர்ந்த ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதே பண்பைக் கொண்டு பொறியும் அமைக்கலாம். பெரிய பந்து ஒன்றுக்குப் பளபளப்பான கறுப்பு வண்ணம் பூசி, வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் வலைத்துணியைக் கூம்பு போல் கட்டி, உச்சியில் ஒரு புட்டியைப் பொருத்துக. பந்தைப் பிராணி என்று கருதி வரும் ஈ, மேல்நோக்கிப் பறந்து புட்டியில் அகப்படும்.

செய்யத் தகாதன

வேப்பிலை, நொச்சிப் புகை ஈயை விரட்டும் என்பது உண்மை. ஆனால் காற்றோட்டம் வேண்டும். இப்பணியில் சேர்ந்த புதிதில், மூடிய கொட்டகை ஒன்றில் புகைச்சட்டி வைக்கும்படி யோசனை கூறினேன். மறுநாள் சென்றபோது ஈக்கள் இருந்தன, கன்று இருமிக்கொண்டிருந்தது. புகையைத் திறந்த வெளியில், காற்று வரும் திசையில் மட்டுமே இடுதல் வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கால்நடையின்மேல் தெளிப்பது பெருந்தீங்கு. கால்நடைக்கென்று உள்ள டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளையும் மருத்துவர் கூறிய அளவிலேயே கையாளுக. மருந்திட்ட பிராணியை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டுவது அறவே கூடாது. அம்மருந்து மீனுக்கு நஞ்சு. செம்பரம்பாக்கத்தில் நாள்தோறும் 530 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கவல்ல நிலையம் உள்ளது. சென்னை மக்கள் பருகும் நீர் அது. நம் மாட்டைக் காப்பதற்காகப் பிறர் குடிநீரைக் கெடுத்தல் தகாது.

நோய் கண்டால் மறைக்கக் கூடாது. ஐயத்துக்குரிய பிராணியை மற்றவற்றிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, ஈ புகாதபடி வலையிட்ட கொட்டகையில் கட்டுக. ஈ பெரும்பாலும் அடுத்து நிற்கும் பிராணிக்கே தாவுவதால் இத்தொலைவு பெரிதும் உதவும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுக. அல்லது 1962 என்னும் எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைத்திடுக. ஒரு துளி இரத்தத்தை உருப்பெருக்கியில் சோதித்தே சர்ராவைக் கண்டுபிடிக்கலாம். தொடக்கத்திலேயே ஊசி மருந்து இட்டால் பிழைக்கும். வெளியூரிலிருந்து வாங்கி வரும் குதிரையையும் ஒட்டகத்தையும் இரத்தச் சோதனை செய்த பின்னரே மற்றவற்றுடன் சேர்த்தல் வேண்டும். மாடுகளுக்குத் தோல் கழலை நோய்த் தடுப்பூசியையும் தவறாது இடுக.

ஊராட்சியின் கடமை

ஒருவர் மட்டும் தம் தொழுவத்தைத் துப்புரவாக வைத்து, பக்கத்து வீட்டில் சாணம் குவிந்து கிடந்தால் பயனில்லை. ஈக்கு வேலி கிடையாது. ஆகையால் இது தனியார் காரியமன்று. ஊர்ப் பொதுக் காரியம். மார்ச் 22, மே 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகள் கோடைக்கு ஏற்ற தருணங்கள். இடவசதி இல்லாதவர்களுக்குக் குடியிருப்பை விட்டு விலகிய பொது எருக்குழி, மேய்ச்சலுக்குச் செல்லும் வழியில் நிழற் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும், கோடை தொடங்குமுன் கால்நடை மருத்துவ முகாம் ஆகிய மூன்றையும் உறுப்பினர்கள் அங்கே எடுத்துரைத்துத் தீர்மானமாக நிறைவேற்றலாம். எருக்குழி வெட்டும்போது மழைநீர் அதன் வழியே ஏரிக்குச் செல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு; வேண்டுவது நாள்தோறும் சிறிது உழைப்பே. ஒரு குதிரையை நம்பி ஒரு குடும்பம் வாழ்கிறது. ஒரு கறவை மாட்டின் பாலில் ஒரு குழந்தையின் பள்ளிச் செலவு அடங்கியிருக்கிறது. வாயில்லா ஜீவன் காலை உதைத்துத் தன் துன்பத்தைச் சொல்கிறது. அதைக் கேட்டு இன்றே துடைப்பத்தைக் கையில் எடுப்போமாக.