பொமலோ சூரியன், கடுகு பூமி: நிரையில் நடந்தால் புரியும் விண்வெளி

தொடக்கப்பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு மேசையில் சூரிய மண்டலம் இருக்கும். நடுவில் மஞ்சள் சாயம் பூசிய போலிஸ்டிரீன் பந்து, சுற்றிலும் கம்பியில் குத்திய எட்டுக் கோள்கள், சனிக்கு மட்டும் ஓர் அட்டை வளையம். பிள்ளைகள் பாடுபட்டுச் செய்தது. குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, கோள்கள் எல்லாம் லயத்து வீடுகள்போல் சுவரோடு சுவர் ஒட்டி இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பாடநூல் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன.

அந்த மேசையில் இருக்கும் பூமி 5 செண்டிமீட்டர் உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி சூரியன் ஐந்தரை மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாடி வீட்டின் உயரம். அதை வைக்க வேண்டிய இடமும் மேசை அல்ல. 590 மீட்டர் தள்ளி. நெப்டியூனோ சூரியனிலிருந்து 17 கிலோமீட்டருக்கு அப்பால், அதாவது ஈப்போவில் சூரியனை வைத்தால் பத்து காஜா பக்கம் போய்விடும்.

சரி, தூரத்தைச் சுருக்கி, 20 செண்டிமீட்டர் அகலமுள்ள பாடநூல் பக்கத்துக்குள் நெப்டியூன் வரை சரியாக அடக்கிவிடலாமே என்றால், சூரியனே ஒரு தலைமுடியின் தடிமனுக்கு வந்துவிடும். பூமி கண்ணுக்கே தெரியாது. ஆகவே படம் வரைகிறவர் வேறு வழியில்லாமல் உருண்டைகளுக்கு ஓர் அளவுகோலும் தூரத்துக்கு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே அளவுகோலில் வேண்டுமானால் காகிதமும் மேசையும் உதவாது. காலால் நடக்க வேண்டும்.

இதற்கு உலகின் பல இடங்களில் வசதியாக எடுத்துக்கொள்ளும் அளவு ஒன்று இருக்கிறது: 1 செண்டிமீட்டருக்கு 1 லட்சம் கிலோமீட்டர். எல்லாவற்றையும் ஆயிரம் கோடி மடங்கு சுருக்குவது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2001ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'வாயேஜ்' என்ற மாதிரி இதே அளவில் அமைந்தது. பொதுமக்கள் உலாவும் பெரிய திடலோரத்தில் கம்பம் கம்பமாக நட்டு வைத்திருக்கிறார்கள். சுவீடன் நாட்டில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். ஸ்டாக்ஹோமில் 110 மீட்டர் அகலமுள்ள உருண்டை வடிவ விளையாட்டு அரங்கமே அங்கே சூரியன். வியாழன் 40 கிலோமீட்டர் தள்ளி விமான நிலையத்தில். நமக்கு அரங்கம் கட்டும் வசதி இல்லை. வாஷிங்டன் அளவு போதும், அதற்குத் தேவையான சாமான் முழுக்க ஈப்போவிலேயே கிடைக்கிறது.

இந்த அளவில் சூரியனின் அகலம் 14 செண்டிமீட்டர். தம்பூன் சாலையோரக் கடைகளில் தொங்கும் பொமலோவில் நடுத்தரமான ஒன்றை எடுத்தால் கச்சிதமாக இருக்கும். பூமி 1.3 மில்லிமீட்டர்: ஒரு கடுகு. வெள்ளியும் (நம் ஊரில் வெள்ளி என்றால் முதலில் காசுதான் ஞாபகத்துக்கு வரும், இது கோள்) அநேகமாக அதே கடுகு அளவு. புதனும் செவ்வாயும் ரவை. வியாழன் 14 மில்லிமீட்டர், பையன்கள் விளையாடும் கோலி. சனிக்கு ஒரு பெரிய கொண்டைக்கடலை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கும்போது ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு மிளகு. பொமலோவின் குறுக்கே கடுகுகளை வரிசையாக அடுக்கினால் 109 கடுகு பிடிக்கும். அதுதான் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள அளவு வித்தியாசம்.

இனி இவற்றை எங்கே வைப்பது? இங்கேதான் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் தயவு தேவைப்படுகிறது.

பால்மரத் தோட்டத்தின் நிரையை நினைத்துப் பாருங்கள். மரத்துக்கு மரம் இடைவெளி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கணக்குக்கு 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் என்று கொள்வோம். முதல் மரத்துக்கு முன்னால் பொமலோவை வைத்துவிட்டு நிரையில் நடந்தால் இரண்டாவது மரத்தடியில் புதன். மூன்றும் தாண்டி நான்காவது மரம் வரும் முன் வெள்ளி. ஐந்தாவது மரத்தில் பூமி. பொமலோவிலிருந்து 15 மீட்டர். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் செவ்வாய். இதுவரை எல்லாம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்துகொண்டே இருக்க வேண்டும். 26ஆவது மரத்தில்தான் வியாழன். 48இல் சனி. 96இல் யுரேனஸ். 150ஆவது மரத்தில் நெப்டியூன், 450 மீட்டர்.

நாளுக்கு 500 மரம் வெட்டியவருக்கு இது புதிய தூரமே இல்லை. விடியற்காலை பெரட்டு முடிந்து, தலையில் விளக்கோடு நிரையில் இறங்கியவர், 150ஆவது மரத்தின் மங்கைத் திருப்பி வைக்கும்போது சூரிய மண்டலத்தின் கடைசிக் கோளைத் தொட்டுவிட்டார். அவருக்கு இன்னும் 350 மரம் மிச்சம் இருந்தது.

பேராக்கில் அந்த நிரைகள் பெரும்பாலும் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு மரம் வெட்டப் போன பாட்டியிடம் பேரப்பிள்ளை அறிவியல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "எனக்கு என்னாய்யா தெரியும், அம்மாகிட்ட கேளு" என்று ஒதுங்கிக்கொள்வார். ஆனால் நூறு மரம் என்றால் எவ்வளவு தூரம், 150 மரம் என்றால் கால் எப்படி வலிக்கும் என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் உடம்பில் தெரியும். கைப்பேசித் திரையில் வளர்ந்த பிள்ளைக்கு 450 கோடி கிலோமீட்டர் என்பது வெறும் பூஜ்யங்கள். 'பாட்டி, ஐந்தாவது மரத்தில் பூமி, 150ஆவது மரத்தில் நெப்டியூன்' என்று சொல்லிப் பாருங்கள். பாட்டிதான் முதலில் வாயைப் பிளப்பார்.

இன்னொரு கணக்கும் தோட்டக்காரர்களுக்கே சட்டென்று விளங்கும். நெப்டியூன் சுற்றும் வட்டத்தை நம் அளவில் நிலத்தில் போட்டால் உள்ளே அடங்கும் பரப்பு சுமார் 157 ஏக்கர். 157 ஏக்கர் தோட்டத்தில் ஒரு பொமலோ, ஒரு கோலி, ஒரு கொண்டைக்கடலை, இரண்டு மிளகு, இரண்டு கடுகு, இரண்டு ரவை. நிலாக்களும் பாறைத் துண்டுகளும் வெறும் தூசு. மற்றபடி மொத்தத் தோட்டமும் காலி. விண்வெளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் காலியைத்தான்.

நிரை இல்லாத இடத்தில் பள்ளித் திடல் இருக்கிறது. செவ்வாய் வரை 23 மீட்டர். எந்தத் திடலிலும் அடங்கும். வியாழனுக்கு 78 மீட்டர் வேண்டும். சனி 143 மீட்டரில் பெரும்பாலும் வேலிக்கு வெளியே போய்விடும். அதை வேலிக்கு வெளியேதான் காட்ட வேண்டும், உள்ளே இழுத்துவிடக் கூடாது. மாணவர் எண்ணிக்கை குறைந்து சிறிய பள்ளிகளாகிவிட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கு இது தோதான பாடம். சூரியனுக்கு ஒருவர், கோள்களுக்கு எட்டுப் பேர், பத்துப் பிள்ளை இருந்தால் ஆடலாம். கடுகைப் புல்லில் வைத்தால் அவ்வளவுதான், திரும்பக் கிடைக்காது. வெள்ளை அட்டையில் ஒட்டி, அட்டையைக் குச்சியில் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கடுகு அட்டையைப் பிடித்திருக்கும் பிள்ளை தன் இடத்திலிருந்து பொமலோவைத் திரும்பிப் பார்க்கட்டும். வானத்தில் முழுநிலா எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதே அளவில் பொமலோ தெரியும். நம் கண்ணுக்கு நிலாவும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தெரிகின்றன என்பதால் மாதிரி சரியாக இருக்கிறதா என்று இப்படிச் சோதித்துக்கொள்ளலாம். சோதிக்க நிஜச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். நெப்டியூன் பிள்ளைக்கோ பொமலோ ஒரு புள்ளிதான். அங்கே ஏன் அவ்வளவு குளிர் என்று பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நிலாவை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடுகிலிருந்து 4 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு விரல் அகலம். மனிதன் கால்வைத்திருக்கும் மிகத் தொலைவான இடம் அது. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபர் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் தேதி புறப்பட்டுச் சென்ற அனைத்துலக விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நம் மாதிரியில் அது கடுகின் தோலை விட்டு ஒரு தலைமுடித் தடிமன்கூட விலகவில்லை. மனிதன் செய்து அனுப்பியவற்றில் மிகத் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1, 1977இல் கிளம்பியது. அது மட்டும் பொமலோவை விட்டு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் போயிருக்கிறது.

ஒளியின் வேகத்தையும் இதே அளவில் சுருக்கினால்தான் வேடிக்கை. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்பது நம் மாதிரியில் நொடிக்கு 3 செண்டிமீட்டர். ஒரு சாதாரண எறும்பு ஊரும் வேகம். பொமலோவிலிருந்து கிளம்பிய எறும்பு கடுகுக்கு வந்து சேர 8 நிமிடம் 20 நொடி ஆகும். நிஜமாகவே சூரிய வெளிச்சம் நம்மிடம் வர ஆகும் நேரம் அதுதான். நெப்டியூனுக்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல். எறும்பே இப்படி என்றால் நாம்? ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இ.டி.எஸ். ரயில் எங்கும் நிற்காமல் சூரியனுக்கு ஓடினால் 122 ஆண்டு ஆகும். நம் முன்னோர் இங்கே ரப்பர் தோட்டங்களுக்கு வந்திறங்கிய காலத்தில் ஏறியிருந்தால் இப்போதுதான் இறங்க முடியும்.

ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். கோள்கள் நிஜத்தில் இப்படி ஒரே நிரையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் தன் வேகத்தில் போகிறது. பூமி ஒரு சுற்று முடிக்கும் ஓராண்டில் நெப்டியூன் தன் வட்டத்தில் 165இல் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும். நிரை நம் வசதிக்காக.

சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே என்ற கேள்வியில் இந்த மாதிரி கையை விரித்துவிடும். மிக அருகில் உள்ள பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பொமலோவை ஈப்போவில் வைத்தால் அது 4,000 கிலோமீட்டருக்கு அப்பால்: கடலைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, டில்லியையும் தாண்டி அமிர்தசரஸ் பக்கம். நடுவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அளவுகோலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய மைல் கணக்கு தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு தற்செயல் வசதி. சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள தூரத்தை 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1 ஒளியாண்டு கிட்டத்தட்ட சரியாக 1 மைல் வருகிறது. நெப்டியூன் 30 அங்குலத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சூரியன் பேனா முனை வைத்த புள்ளியைவிடச் சிறிது. பிறகு எத்தனை ஒளியாண்டோ அத்தனை மைல், பெருக்கவே வேண்டாம்.

கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் நட்சத்திரங்களை இந்தக் கணக்கில் பார்க்கலாம். அந்தப் புள்ளிச் சூரியனை ஈப்போவில் வைத்துவிட்டுத் தெற்கே காரில் கிளம்புங்கள். சுவாதி 37 மைல்; தாப்பா வந்துவிடும். ரோகிணி 65, சிலிம் ரிவர் பக்கம். மகம் 79, தஞ்சோங் மாலிம். சித்திரை சுமார் 250 மைல், ஜொகூர் மாநிலத்துக்குள். கார்த்திகைக் கூட்டத்துக்கு 440 மைல். சிங்கப்பூரையும் தாண்டிக் கடலில் இறங்க வேண்டும். திருவாதிரை அதற்கும் அப்பால். சுவாதியில் பிறந்த ஒருவருக்கு இப்போது 37 வயது என்றால், இன்றிரவு அவர் பார்க்கும் சுவாதியின் வெளிச்சம் அவர் பிறந்த ஆண்டில் அங்கிருந்து கிளம்பியது.

இந்த மைல் கணக்கும் ஓரிடத்தில் முடிந்துபோகிறது. நம் பால்வீதியின் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. 1 லட்சம் மைல் என்றால் பூமியையே நான்கு முறை சுற்றி வருவது. எனவே மூன்றாவதாக இன்னும் ஓர் அளவு. பால்வீதியை 25 செண்டிமீட்டர் தோசையாகச் சுருக்குங்கள். வடிவமும் ஏறக்குறைய அப்படித் தட்டையானதுதான். நாம் 157 ஏக்கரில் பரப்பிய சூரிய மண்டலம் அந்தத் தோசையில் சாதாரண நுண்நோக்கிக்கும் தெரியாது. ஆனால் அடுத்த பெரிய விண்மீன் கூட்டமான ஆண்ட்ரோமெடா, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருப்பது, இந்த அளவில் ஆறு மீட்டரில் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவில் ஈப்போவுக்கும் அமிர்தசரஸுக்கும் உள்ள இடைவெளி; விண்மீன் கூட்டங்களுக்கு நடுவிலோ, அதே கடையில் இரண்டு மூன்று மேசை தள்ளி இன்னொரு இலையில் சற்றுப் பெரிய தோசை.