கணுக்காலைக் காக்கும் கணக்கு

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குண்டுவெடிப்பில் கணுக்கால் சிதைந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவர் கறுப்பு நிறக் காப்பு ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடும் காணொளியைப் பார்த்தாராம். “இது மோட்டார் வைத்த ரோபோ காலா? எதிர்கால மருத்துவம் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்கிறார்.

அதில் மோட்டார் கிடையாது. பேட்டரி, சிப் எதுவும் கிடையாது. கார்பன் இழையால் வார்த்த ஓர் உறை, ஒரு தண்டு, ஒரு பாதத் தகடு, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை, காணொளியின் பின்னணி இசை சொல்வதைவிட அருமையானது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரம் புதைத்த குண்டுகள் வாகனத்தின் அடியில் வெடித்தன. வெடித்த கணத்தில் வண்டியின் தரைத்தகடு மேல்நோக்கி எகிறிப் பாதத்தை அறைந்தது. குதிகால் எலும்பும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கணு எலும்பும் நொறுங்கின. அறுவை மருத்துவர்கள் தகடு வைத்து, திருகு போட்டு, தோல் ஒட்டிக் காலைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றிய காலோ மடங்க மறுத்தது, உந்த மறுத்தது, ஒவ்வோர் அடிக்கும் வலித்தது. பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குக் கீழ் காலை இழந்த தோழர் சில மாதங்களில் செயற்கைக் காலோடு ஓடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் வந்து, “என் காலையும் எடுத்துவிடுங்கள்” என்றார்கள்.

அவர்கள் விரக்தியில் பேசவில்லை. 324 படைவீரர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ‘மெட்டல்ஸ்’ ஆய்வு, காலை இழந்தவர்கள் காலைத் தக்கவைத்தவர்களைவிட நன்றாக இயங்கினார்கள் என்றே காட்டியது. காலை மீட்டவர்களுக்கு அந்தக் காலைப் பயன்படுத்தும் வழியை யாரும் தரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், புரூக் ராணுவ மருத்துவ மையத்தைச் சேர்ந்த ‘சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட்’ என்ற மறுவாழ்வு நிலையம் 2007-இல் திறக்கப்பட்டது. அங்கே பணிபுரிந்த காப்புக்கருவி வல்லுநர் ரயன் பிளாங்க் 2009-இல் ஒன்றைச் செய்தார். பெயர் ‘இன்ட்ரெபிட் டைனமிக் எக்ஸோஸ்கெலிடல் ஆர்த்தோசிஸ்’, சுருக்கமாக ‘ஐடியோ’. முழங்காலுக்குச் சற்றுக் கீழே காலைக் கவ்விப் பிடிக்கும் உறை, அதன் பின்புறத்திலிருந்து இறங்கும் தண்டு, பாதத்தைத் தாங்கும் விறைப்பான தகடு, குதிகாலுக்கு அடியில் ஒரு மெத்தைத் திண்டு. ஒவ்வொன்றும் அந்தந்த ஆளின் காலில் அச்செடுத்துச் செய்வது.

என்னை மயக்கியது அந்த உறை இருக்கும் இடம். அடிபட்டது கணுக்கால், கருவி ஏன் முழங்காலுக்கு அருகே போய்ப் பிடிக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கிறார். குதிகால் தரையைவிட்டு எழும் நொடியில் அவர் எடை முழுவதும் முன்பாதத்தில் நிற்கிறது. அந்த இடம் கணுக்கால் மூட்டிலிருந்து ஏறக்குறைய 15 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதைச் சமன்செய்ய, கெண்டைக்கால் தசை குதிகால் நாணைப் பிடித்து மேலே இழுக்கிறது. நாணோ மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. தூரம் மூன்றில் ஒரு பங்கு என்றால் விசை மூன்று மடங்கு: 210 கிலோ. நாண் மேலே இழுப்பதும் தரை மேலே தள்ளுவதும் சேர்ந்து மூட்டை நசுக்குகின்றன. ஆக 280 கிலோ. ஒவ்வோர் அடியிலும், ஓடாமல் சும்மா நடக்கும்போதே, உடல் எடையைப்போல் நான்கு மடங்கு. குருத்தெலும்பு சிதைந்த மூட்டில் வலியை உண்டாக்கும் சுமையில் முக்கால் பங்கு உடலின் எடை அல்ல, சொந்தத் தசையின் இழுப்பு!

இப்போது தசைக்குப் பதில் கருவி அந்த வேலையைச் செய்யட்டும். கீழ்க்கால் பாதத்தின்மேல் முன்னோக்கிச் சாயும்போது, மேலே இருக்கும் உறை அதைத் தடுத்துப் பின்னோக்கித் தள்ளுகிறது. உறை மூட்டிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருந்தால் தேவையான விசை 30 கிலோதான். 210 கிலோ இழுத்துச் செய்ததை 30 கிலோ தள்ளிச் செய்துவிடுகிறது. மூட்டில் மிஞ்சுவது உடல் எடையும் சிறிது உபரியும். அந்த எடையிலும் ஒரு பங்கை உறை தன்மேல் வாங்கித் தண்டு வழியே தரைக்கு அனுப்புகிறது. உயிருள்ள தசை முழுதாக ஓய்ந்துவிடாது என்பதால் உண்மையான எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஆனால் திசை இதுதான்.

பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியின் நுனியில் பிடித்தால் எழுபது வயதுப் பாட்டியும் கொட்டைப்பாக்கை நறுக்கென்று வெட்டிவிடுவார். இரு பாதியும் சேரும் ஆணிக்கு ஒட்டிப் பிடித்தால் பயில்வானுக்கும் பாக்கு மசியாது. மசியவைக்கப் போடும் பலமெல்லாம் ஆணியில் ஏறி, நாளடைவில் ஆணி தேய்ந்து வெட்டி ஆடத் தொடங்கும். கணுக்கால் மூட்டு அந்த ஆணி. எதிர்த்து நிற்கும் தரைதான் பாக்கு. குதிகால் நாண் ஆணியை ஒட்டிய பிடி. ஐடியோவின் உறை பிடியின் நுனி. ஆணி தேய்ந்த வெட்டியையும் நுனியில் பிடித்து இன்னும் பல காலம் ஓட்டலாம். ஆனால் பிடி தகரமாக இருந்தால் நுனியில் பிடித்தும் பயனில்லை. அமுக்கிய பலம் பிடியை வளைப்பதிலேயே தீர்ந்து பாக்கை எட்டாது. மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்யும் காப்புகள் அந்தத் தகரப் பிடி. கார்பன் இழைக்கு இங்கே வேலை, கனமில்லாமல் விறைப்பாக நிற்பதுதான். பிடி கையில் பொருந்தாமல் உருண்டாலும் வெட்டு விழாது. அச்செடுத்து உறையைச் செய்வது அதற்காகத்தான்.

விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. ‘ஆற்றலைத் திருப்பித் தரும் கால்’ என்பதையே சொல்கின்றன. அதில் பொய் இல்லை. 1987-இல் மக்நீல் அலெக்சாண்டர் குழு போட்ட கணக்குப்படி, 70 கிலோ மனிதர் ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் குதிகால் நாண் 35 ஜூலும் பாத வளைவு 17 ஜூலும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. செயலிழந்த நாணுக்குப் பதிலாகக் கார்பன் தண்டு வளைந்து நிமிர்ந்து அதில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. ஆனால் எந்த வில்லும் வாங்கியதற்கு மேல் தராது. தண்டின் விறைப்பை 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் பார்த்த டெக்சாஸ் ஆய்வாளர்கள், நடையில் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. கருவியின் பலன் வில்லின் நுட்பத்தில் மட்டும் இருந்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்புக் கம்பியும் தோல்வாரும் பூட்ஸும் சேர்ந்த காலிபர்கள் இரு உலகப் போர்களையும் போலியோவையும் பார்த்தவை. முழங்கால் சில்லுக்குக் கீழே எடையைத் தாங்கவைக்கும் உத்தி 1950-களின் இறுதியில் பெர்க்லியில் காலிழந்தவர்களுக்காக உருவானது. 1970-களில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வந்தது. ஐடியோவில் முற்றிலும் புதிய உறுப்பு என்று எதுவும் இல்லை. சேர்த்த விதம்தான் புதிது.

சான்றுகளைப் பார்ப்போம். 18 பேரை வைத்து 2012-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், கடையில் கிடைக்கும் இரண்டு காப்புகளைவிட ஐடியோ வேகத்திலும் சுறுசுறுப்பிலும் தெளிவாக முந்தியது. அந்த இரண்டில் ஒன்று கார்பன் இழையால் ஆனதே! ஆகவே கார்பன் என்ற பெயரே மருந்து அல்ல. 84 படைவீரர்களைப் பற்றிய 2014 ஆய்வில், காலை வெட்டிவிடலாம் என்று எண்ணிவந்த 50 பேரில் 41 பேர் எட்டு வாரங்களின் முடிவில் காலை வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள். அந்த எட்டு வாரங்களைத்தான் செய்தித்தாள்கள் விட்டுவிடுகின்றன. இயன்முறை மருத்துவர் ஜானி ஓவன்ஸ் முதலியோர் வகுத்த கடும் பயிற்சி அது: இடுப்பையும் தொடையையும் வலுவாக்கி, நிற்பதில் தொடங்கி ஓட்டம்வரை படிப்படியாகக் கற்றுத்தருவது. காப்பு மட்டும் பெற்றுப் பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிடவில்லை என்பதால், வெற்றியில் எந்தப் பங்கு கருவிக்கு, எந்தப் பங்கு பயிற்சிக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வந்தவர்கள் இளைஞர்கள், உடற்கட்டுள்ளவர்கள், ஓடியே தீர வேண்டும் என்ற உறுதியுள்ளவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

கருவிக்குக் கட்டணமும் உண்டு. பணத்தைச் சொல்லவில்லை. மடங்காத கணுக்கால் தன் வேலையை முழங்காலிடம் தள்ளிவிடும். குதிகால் திண்டு சற்று உயரமாகவோ அழுத்தமாகவோ இருந்தால், பாதம் தரையைத் தொட்டதும் முழங்கால் முன்னே எறியப்படும். முன்பாதத் தகடு அளவுக்கு மீறி விறைத்தால் முழங்கால் பின்னோக்கி முறுக்கப்படும். ஒரு சில மில்லிமீட்டர் திருத்தத்துக்கு ஆளை நடக்கவைத்து, பார்த்து, ராவி, மீண்டும் நடக்கவைக்க வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்தில் உறை உரசினால் புண்ணாகும். அதைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். அறுந்த நரம்பின் எரிச்சல் எந்தத் தண்டாலும் தீராது. எல்லா முயற்சிக்கும் பிறகு காலை எடுத்துவிடுவதே நல்லது என்று முடிவு செய்யும் வீரர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவை யாரும் தோல்வி என்று சொல்லக்கூடாது.

நெம்புகோல் கணக்கு படைவீரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. மோட்டார் சைக்கிள் விபத்திலோ சாரத்திலிருந்து விழுந்தோ குதிகால் நொறுங்கியவருக்கும் அதே 5 செ.மீ., அதே 35 செ.மீ. தான். அவருக்குக் காப்பு தரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. உறை எவ்வளவு உயரம் போகிறது? எடை ஏறும்போது தண்டு வளைந்து மடங்கிவிடுகிறதா? இவர் காலில் அச்செடுத்ததா? திருத்தித் தர ஆள் உண்டா? பயிற்சி எத்தனை வாரம்? கார்பனா பிளாஸ்டிக்கா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி.

போரில் உடைந்த கால்களுக்காகப் பணம் ஒதுக்கும் ஓர் அரசு கருவியின் விலையோடு நிறுத்திக்கொள்கிறது என்றால், அது காணொளியைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறது. அச்செடுக்கும் கைக்கும், ராவித் திருத்தும் நேரத்துக்கும், எட்டு வாரம் கூட நிற்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் கொடுப்பதுதான் அந்தச் சிகிச்சை. அதைக் கொடுக்காமல் கார்பன் காப்பை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது, வீரரிடம் பட்ட கடனில் வட்டியைக்கூடத் தீர்க்காது.