பருப்பு வேகாத தண்ணீர்

பானட்டைத் திறந்தால்… – 11

போன வாரம் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தோம். அதற்குப் பக்கத்திலேயே வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் பச்சையாகவோ ரோஸாகவோ ஏதோ ஒன்று. அதுதான் கூலன்ட் டப்பா. இந்த வாரம் அதன் கதை.

எனக்கு அந்த டப்பா அறிமுகமான இடம் பர்லியாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில், மங்குஸ்தானும் பலாவும் குவித்து வைத்து விற்பார்களே, அதே இடம். என்னுடைய முதல் கார். பழைய வண்டியாக வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏ.சி. வேறு. முன்னால் ஒரு லாரி நகர்ந்துகொண்டிருந்ததால் இரண்டாம் கியரைத் தாண்டவே முடியவில்லை. கல்லாறு தாண்டும்போதே சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. நான் பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பர்லியாறில் பானட் ஓரமாக ஆவி கிளம்பிய பிறகுதான் நிறுத்தினேன். இறங்கி மூடியில் கை வைக்கப் போனபோது பழக்கடை அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, மூடியத் தொறந்துராதீங்க! மூஞ்சியெல்லாம் வெந்துரும்!”

அவர் சொன்னது முழு உண்மை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியில்லை. அது குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உள்ளே இருப்பது அத்தனையும் அந்த நொடியிலேயே கொதித்துப் பீறிடும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா?

அந்த மூடியின் ரப்பர் நைந்து, அழுத்தம் நிற்கவில்லை என்று வையுங்கள். கோவைக்குள் ஓட்டும்வரை அது தெரியாமலே போகலாம். மலை ஏறினால் காட்டிக்கொடுத்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இஞ்சினோ சாதாரணமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. இடையில் மிச்சம் இருப்பது மூன்றே டிகிரி. கீழ்க்கியரில் இஞ்சின் அதிகம் சுற்றுகிறது, வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. மலையில் வண்டி ‘ஹீட்’ ஆவது இதனால்தான். அதே மலையில் ஏறும் நீராவி ரயில் வழியில் நின்று நின்று தண்ணீர் குடிக்கும். அதற்குத் தண்ணீர் கொதித்தால்தான் ஓட்டம். நமக்குக் கொதித்தால் நிறுத்தம்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினோம். ஊட்டி அடுத்த வருடம்தான்.

மறுநாள் கோவை கணபதியில் ஒரு பட்டறை. மெக்கானிக் அண்ணன் அடியில் திறந்துவிட்டதும் ரேடியேட்டரிலிருந்து ஆறிப்போன டீ நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. மேல் ஹோஸைக் கழற்றி, குழாய் வாயை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“பைப்புத் தண்ணிதாங்கண்ணா.”

“எந்தப் பைப்புங்க?”

“போரு…”

“வூட்டுல பருப்பு எதுல வேக வெக்கறீங்க?”

“நல்ல தண்ணியிலதானுங்க. போர்த் தண்ணியில பருப்பு வேகாதுங்களே.”

“பருப்பு வேகாத தண்ணியில இஞ்சினு வெந்து போச்சு, பாத்தீங்களா?”

கோவை வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணியோ பில்லூரோ, குழாயில் முறை வைத்து வருவது நல்ல தண்ணி. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. டீக்கு எது, துணிக்கு எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாளியில் வெள்ளை வரி போடுவதும், கீசர் காயிலில் ஓடு கட்டுவதும், பருப்பை வேகவிடாமல் அடிப்பதும் போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். ரேடியேட்டருக்குள் ஓடும் குழல்கள் தட்டையானவை, மெல்லியவை. அவற்றின் சுவரில் உப்பு படிந்தால் தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே போர்வை போர்த்திய மாதிரி. சூடு வெளியே போக வழியில்லை.

அந்தச் சுவர் சூட்டைக் கடத்தினால்தான் ரேடியேட்டருக்கு வேலையே. அதனால்தான் பழைய ரேடியேட்டர்களைச் செம்பிலும் பித்தளையிலும் செய்தார்கள். அப்படி ரேடியேட்டர் செய்த யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ் என்ற கோவை நிறுவனம் அமெரிக்காவிலிருந்து செம்புக் கட்டிகளை வரவழைத்தது. 1965 போர் மூண்டு, சரக்குக் கப்பலைப் பாகிஸ்தான் பிடித்துவைத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் தொகைக்குக் கணக்கு டாலரில். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. தொலைந்த செம்புக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்துவிட, அது லாபம்தானே, வரி கட்டு என்றது வருமான வரித் துறை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1993இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. செம்புக்கு அவ்வளவு மதிப்பு!

இன்றைய கார்களில் அலுமினிய ரேடியேட்டர். எடை குறைவு, ஆனால் கண்ட தண்ணீரையும் தாங்காது, அரித்துவிடும். “நம்ம ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதோடு கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் அலுமினியத்தையும், வாட்டர் பாடி எனப்படும் வாட்டர் பம்ப்பையும், கேஸ்கட்டையும் காக்கின்றன. அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. பழைய வகைக்கு இரண்டு வருடம், புதிய வகைக்கு ஐந்து வருடம் வரை. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. நிறம் அப்படியே இருந்தாலும் மருந்து செத்திருக்கும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒருவரின் பச்சை இன்னொருவரின் பச்சை ஆகாது. ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளவும் கூடும். கடையில் கலந்து ரெடியாக விற்பது ஒன்று, கெட்டியாக விற்பது ஒன்று. கெட்டியானதை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தனி கிளைக்கால் தண்ணீரளவுக்குச் சூட்டைச் சுமக்காது. சரிபாதி பேட்டரித் தண்ணீர் கலந்தே ஊற்ற வேண்டும்.

ஊற்றுவது எளிது. காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் கை வைக்காதீர்கள். கீழ்க் கோட்டை ஒட்டியிருந்தால் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். சூடானால் அது விரியும்; அதற்கு இடம் வேண்டும். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குத் தனி மூடி கிடையாது. டப்பா மூடியே அழுத்த மூடி. சூட்டில் அதையும் தொடாதீர்கள். இன்னொன்று: கூலன்ட் தித்திக்கும், ஆனால் விஷம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், தெரு நாய் நக்கிவிடும்.

நான் செய்த பெரிய தப்பு உப்புத் தண்ணீர் ஊற்றியதுகூட இல்லை. மாதாமாதம் ஊற்றியதுதான். “அது மூடுன பாத்திரமுங்க. மாசாமாசம் ஊத்துனீங்களே, ஊத்துனது எங்க போச்சுன்னு ஒருக்கா கேட்டீங்களா?” என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. ஹோஸ் மூட்டில் காய்ந்த நிறக்கறை, வாட்டர் பாடிக்கு அடியில் ஈரம், முன்சீட்டுக் கால்மிதியில் பிசுபிசுப்பு, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த டீ நிறம், சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை என்று தண்ணீர் போகும் வழிகள் பல. கடைசி இரண்டும் தெரிந்தால் ஹெட் கேஸ்கட் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நான் ஹோஸ் கிளிப்போடு தப்பித்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் டப்பாவில் மட்டம் இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். “வாரம் ஒருக்கா இதை மட்டும் பாருங்க. எறங்குனா ஊத்தாதீங்க, வண்டியக் கொண்டாங்க.” எட்டு மாதம் ஆகிறது. கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. நல்ல தண்ணிக் குடம், உப்புத் தண்ணி வாளி என்று இருந்த எங்கள் வீட்டில் மூன்றாவதாகச் சேர்ந்த பேட்டரித் தண்ணி கேனை இன்னும் திறக்கவில்லை.

(அடுத்த வாரம்: பிரேக் ஆயில்)