வெள்ளியின் தென்செலவும் வறட்சிக் குறியும்

சங்கப் புலவர் வெள்ளிக்கோள் தெற்கே செல்லுதலை மழையின்மையின் முற்குறியாகக் கொண்டனர். எனினும் பட்டினப்பாலையிலும் புறநானூற்றின் 35, 117ஆம் பாடல்களிலும் இக்குறி ‘இனும்’ ஈற்று எச்சமாகவே வருகிறது. குறி தோன்றினும் வளம் குன்றாது என்பதே மூன்றன் கூற்றும். காரணங்கள் வேறுபடுகின்றன. கபிலர் பறம்பு நாட்டின் வளத்தைச் செங்கோன்மையோடு இணைக்கிறார். பட்டினப்பாலையோ காவிரி மலையில் தோன்றுவதைச் சுட்டுகிறது. இது வெறும் புகழுரையன்று. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்றை நிறைத்தலின், புகாரின் வானம் வறண்டமை கொண்டு காவிரியின் வரவைக் கணித்தல் இயலாது.

வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிய 35ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. வெள்ளி தெற்கே சென்றாலும் காவிரி நாட்டை ஊட்டும் என அது முதலில் நிறுவுகிறது. பின்னர், மழை பொய்த்தாலும் விளைவு குறைந்தாலும் உலகம் பழிப்பது அரசரையே என்கிறது. முன்னதை ஏற்ற அரசன், விளைவு குன்றியபோது கோளின்மேல் பழியைச் சுமத்த வழியில்லை. குறி இங்கு வருவதுரைக்கவன்று, பொறுப்பை வரையறுக்கவே பயன்படுகிறது. இப்பாடலால் நாகனார் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டார் என்கிறது அதன் அடிக்குறிப்பு.