கேம் ஹைலைட் வீடியோ ரிவ்யூ பண்ணி சம்பாதிக்கலாமா? சம்பளக்காரங்களுக்கான முழுக் கணக்கு

நம்ம சேனல்ல சைடு இன்கம் பத்திப் பேசுற ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி தவறாம வருது. "ப்ரோ, நான் நல்லா கேம் ஆடுவேன். மான்டேஜ் வீடியோ நிறைய பார்ப்பேன். அதை ரிவ்யூ பண்ணி சேனல் ஆரம்பிச்சா காசு வருமா?" வீடியோல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத விஷயங்களை இங்க விரிவா எழுதுறேன். பொறுமையா படிங்க, ஏன்னா இதுல உங்க நேரம், உங்க இஎம்ஐ, உங்க வேலை மூணும் சம்பந்தப்பட்டிருக்கு.

முதல்ல ஒரு பழைய வீடியோவைப் பார்ப்போம். 2004-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் போமோனாவுல நடந்த ஈவோ போட்டி. கேம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமெஹாரா கென் கேரக்டர்ல ஆடுறார், எதிர்ல அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லி கேரக்டர்ல. டைகோவுக்கு உயிர் ஒரு கீற்று மட்டும்தான் மிச்சம். தடுத்தாலும் அந்த உரசல்லயே செத்துடுவார். ஜஸ்டின் தன்னோட சூப்பர் தாக்குதலை விடுறார், மொத்தம் 15 அடி. அத்தனையையும் டைகோ ஒண்ணு விடாம சரியான நொடியில திருப்பி, பதிலடி கொடுத்து அந்த ரவுண்டை ஜெயிக்கிறார். கூட்டம் எழுந்து கத்துற அந்தச் சின்ன கிளிப்பை 'ஈவோ மொமென்ட் 37'னு உலகமே இருபது வருஷத்துக்கு மேல திரும்பத் திரும்ப பார்க்குது.

இப்போ ஒரு கேள்வி. அந்தப் போட்டியை ஜெயிச்சது யாரு? டைகோன்னு நினைச்சீங்கன்னா, தப்பு. இறுதி ஆட்டத்துல அவர் கென்ஜி ஒபாட்டாகிட்ட தோத்து ரெண்டாம் இடம்தான் வந்தார். ஹைலைட் வீடியோ அதைச் சொல்லாது, சொல்றது அதோட வேலையும் இல்ல.

இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. நல்ல ரிவ்யூ பண்றதுக்கும் உங்க பணத்தைக் காப்பாத்துறதுக்கும் இதே புத்திதான் தேவை: "வெட்டி எறிஞ்சது என்ன?"

ரிவ்யூன்னா என்ன, ரியாக்‌ஷன்னா என்ன?

வீடியோவை ஓட விட்டு "வேற லெவல்", "தெறி மாஸ்"னு கத்துறது ரியாக்‌ஷன். ரிவ்யூ வேற. ஒரு ரசிகர் எடிட் பண்ண ஹைலைட் வீடியோவை எடுத்தா இந்த அஞ்சு கேள்விக்காவது நீங்க பதில் சொல்லணும்.

1. இந்த கிளிப் எந்த ஆட்டத்துலருந்து வந்தது? போட்டியா, சாதாரண பப்ளிக் மேட்சா? எதிராளி யாரு?
2. கில்லுக்கு முன்னாடி என்ன நடந்தது? அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார், யார் தகவல் கொடுத்தாங்க?
3. அந்த ரவுண்ட், அந்த மேட்ச் கடைசியில என்ன ஆச்சு?
4. எடிட் ஆட்டத்துக்கு உதவுதா, இல்ல மறைக்குதா? ஸ்லோ மோஷனும் ஜூமும் சாதாரண ஷாட்டை அதிசயமா காட்டுதா?
5. பாட்டோட தாளமும் வெட்டும் பொருந்துதா? முதல் பத்து நொடியும் கடைசி கிளிப்பும் யோசிச்சு வச்சதா?

பாக்குறவங்களுக்கு இதுல ரெண்டு லாபம். ஆடக் கத்துக்கலாம், எடிட் பண்ணவும் கத்துக்கலாம். அதையும் நம்ம தமிழ்லயே கேட்கலாம்.

யூடியூப் என்ன சொல்லுது?

மத்தவங்க கிளிப்பை ஒட்டி மட்டும் போட்டா, வியூஸ் வந்தாலும் காசு வராம போகலாம். யூடியூப்ல 'ரீயூஸ்டு கன்டென்ட்'னு ஒரு விதி இருக்கு. அடுத்தவங்க எடுத்த காட்சிகளை, சொந்தமா எதுவும் சேர்க்காம தொகுத்துப் போடுற சேனலுக்கு மானிட்டைசேஷன் கிடையாது. விமர்சனமா, உங்க குரல்ல விளக்கம் சொல்லி, அதுக்குத் தேவையான அளவு கிளிப்பை மட்டும் காட்டினா அனுமதி உண்டு. அதனால மான்டேஜ் அப்லோடு பண்றவங்களை விட ரிவ்யூ பண்றவங்களுக்கு வாய்ப்பு அதிகம்.

விளம்பர வருமானத்துக்கு வாசல்படி இது:

- 1,000 சப்ஸ்கிரைபர், கூடவே கடந்த 12 மாசத்துல 4,000 மணி நேரம் பொது வீடியோ பார்வை. இல்லன்னா கடந்த 90 நாள்ல ஷார்ட்ஸ் மூலமா 1 கோடி வியூஸ்.
- ஷார்ட்ஸ் ஃபீட்ல பார்த்த நேரம் அந்த 4,000 மணி நேரத்துல சேராது.
- பெரிய வீடியோவுக்கு விளம்பர வருமானத்துல 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸுக்கு 45 சதவீதம்.
- ஆட்சென்ஸ் கணக்குல 100 டாலர் சேர்ந்தாதான் பணம் பேங்குக்கு வரும்.

4,000 மணி நேரம்னா எவ்வளவுன்னு பார்ப்போம். ஒருத்தர் சராசரியா 3 நிமிஷம் பார்க்குறார்னு வைங்க. அப்போ 80,000 வியூஸ் வேணும். வாரம் ஒரு வீடியோன்னு வருஷத்துக்கு 48 போட்டா, ஒவ்வொரு வீடியோவும் ஏறக்குறைய 1,670 வியூஸ் எடுக்கணும். முடியாத காரியம் இல்ல. ஆனா முதல் வருஷம் முழுக்க கையில ஒரு ரூபா இல்லாம உழைக்கத் தயாரான்னு உங்களையே கேட்டுக்கோங்க.

ஒரு மனைக்கு நாலு பங்காளி

ஒரு மூணு நிமிஷ மான்டேஜ்ல எத்தனை பேருக்கு உரிமை இருக்கு தெரியுமா? கேமை உருவாக்கின கம்பெனி, போட்டியை ஒளிபரப்பின நிறுவனம், பாட்டோட உரிமைக்காரர், கடைசியா ராத்திரி பகலா உக்காந்து எடிட் பண்ண அந்த ரசிகர். நாலு பேர் சேர்ந்து ஆளுற மனை மாதிரிதான் இது.

கேம் கம்பெனிகள்ல சிலர் தாராளம். வால்வ் கம்பெனி தன்னோட கேம் வீடியோக்களை யூடியூப் பார்ட்னர் திட்டத்துல மானிட்டைஸ் பண்ண வெளிப்படையாவே அனுமதி கொடுத்திருக்கு. ரயட் கேம்ஸும் சில நிபந்தனைகளோட ரசிகர்கள் விளம்பர வருமானம் பார்க்க விடுது. நீங்க எந்த கேமை எடுக்குறீங்களோ அதோட வீடியோ பாலிசியை முதல் நாளே படிச்சிடுங்க.

பாட்டுதான் பெரிய தலைவலி. கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடிச்சா, வீடியோவோட வருமானம் லேபிளுக்குப் போகலாம், இல்ல வீடியோவே முடங்கலாம். அதனால ரிவ்யூல பாட்டோட சத்தத்தை எடுத்துடுங்க, உங்க குரல் மேல வரட்டும்.

நம்ம நாட்டு காப்புரிமைச் சட்டம், 1957-ல பிரிவு 52 விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமா கையாளுறதை அனுமதிக்குது. ஆனா "பத்து செகண்டுக்குள்ள போட்டா பிரச்சனை இல்ல"ங்கிற பேச்சு சட்டத்துல எங்கயும் இல்ல. எவ்வளவு எடுத்தீங்க, எதுக்கு எடுத்தீங்கங்கிறதுதான் கேள்வி. தவிர, சட்டம் உங்க பக்கம் இருந்தாலும் ஸ்ட்ரைக் முதல்ல விழும், வாதம் அப்புறம்தான். 90 நாளுக்குள்ள மூணு காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தா சேனலையே மூடிடலாம். எடிட் பண்ணவர்கிட்ட முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டு அனுமதி கேளுங்க, அவர் சேனலோட லிங்க்கைப் போடுங்க. காசில்லாத இன்சூரன்ஸ் இது.

ரெட்டியார்பாளையத்துலருந்து ஒரு கணக்கு

இது ஒரு கற்பனைக் கணக்குதான், ஆனா உங்க நிலைமைக்கு நீங்க மாத்திப் போட்டுக்கலாம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துல நண்பர்களோட ரூம் எடுத்துத் தங்கி, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போற ஒரு தம்பி. சம்பளம் கைக்கு 35,000. மாசம் 26 நாள், நாளைக்கு 9 மணி நேரம். மொத்தம் 234 மணி நேரம். அப்படின்னா அவரோட ஒரு மணி நேரத்தோட விலை ஏறக்குறைய 150 ரூபா.

ஒரு ரிவ்யூ வீடியோவுக்கு மூலத்தைத் தேடிப் பார்க்க 3 மணி நேரம், எழுத 2, பேசி எடிட் பண்ண 5. ஆக 10 மணி நேரம். மாசம் நாலு வீடியோன்னா 40 மணி நேரம். மானிட்டைஸ் ஆகி மாசம் 2,000 ரூபா வருதுன்னு வைங்க. ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபா. வேலையில கிடைக்கிறதுல மூணுல ஒரு பங்கு.

இப்போ அவர் "ரிவ்யூ பண்ணணும்னா நல்ல பிசி வேணும்"னு 80,000 ரூபாய்க்கு ஒண்ணை 16 சதவீத வட்டியில 24 மாச இஎம்ஐல எடுக்குறார். மாசம் 3,917 ரூபா. மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 94,000. சேனல்ல வர்ற 2,000 அந்த இஎம்ஐல பாதிதான். முதல் வருஷம் அதுவும் இல்ல.

இதுக்காக ஆரம்பிக்கவே வேண்டாம்னு நான் சொல்லல, கடன் வாங்கி ஆரம்பிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ரிவ்யூ பண்ண கேம் ஓட்டுற பிசி தேவையே இல்ல, அடுத்தவங்க வீடியோவைத்தானே அலசுறீங்க! ரெக்கார்ட் பண்ண ஓபிஎஸ் இலவசம். டாவின்சி ரிசால்வ் எடிட்டருக்கு இலவசப் பதிப்பு இருக்கு. லேப்டாப் பழசுன்னா போன்லயே எடிட் பண்ணுங்க. முதல் செலவு ஒரு நல்ல மைக்கா இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கினா மன்னிப்பாங்க, குரல் கரகரத்தா ஓடிடுவாங்க.

ஒரே கேமை நம்பாதீங்க

ஒரே ஷேர்ல மொத்தப் பணத்தையும் போடாதீங்கன்னு நம்ம சேனல்ல எத்தனை தடவை சொல்லியிருக்கோம்? இங்கயும் அதேதான். 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல் இந்தியாவுல தடை. 2021 ஜூலையில பிஜிஎம்ஐங்கிற பேர்ல திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயர் தடை. அதே வருஷம் ஜூலையில பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்கள்லருந்து காணாம போச்சு, திரும்பி வர 2023 மே ஆச்சு. பத்து மாசம்! அந்த ஒரு கேமை மட்டுமே நம்பி வேலையை விட்டவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ரிவ்யூ சேனலுக்கு இங்க ஒரு வசதி உண்டு. நீங்க விக்கிறது உங்க கண்ணையும் பேச்சையும்தான். செஸ், ஃபைட்டிங் கேம், ஷூட்டிங் கேம்னு மாறி மாறிப் பேசலாம்.

ஸ்பான்சர் வந்தா உஷார்

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் முதல்ல கதவைத் தட்டுறது பெரும்பாலும் பெட்டிங் ஆப்தான். ஒரு வீடியோவுக்கு உங்க மாசச் சம்பளத்தையே தர்றேன்னு சொல்லுவாங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்குது, ஆனா பணம் கட்டி ஆடுற கேம்களைத் தடை பண்ணுது. அதுக்கு விளம்பரம் பண்றவங்களுக்கும் 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே உண்டு. ஒரு மாசச் சம்பளத்துக்காக எடுக்குற ரிஸ்க்கா இது?

நல்ல ஸ்பான்சர்னாலும் காசு வாங்கினதை வீடியோல தெளிவா சொல்லணும். ஹெட்செட், போன்னு பொருளா கொடுத்து அதை நீங்களே வச்சுக்கிட்டா அதுவும் வருமானம்தான். ஒரு கம்பெனி வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல அப்படிக் கொடுத்தா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிற விதி 2022 ஜூலையிலருந்து இருக்கு.

வரிக் கணக்கு

- சேனல் வருமானம் தொழில் வருமானம். அதனால ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3 இல்லன்னா ஐடிஆர்-4. முதல் வருஷம் ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.
- புதிய வரி முறையில 2025-26 நிதியாண்டுலருந்து வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு வரி வராது. அதுக்காக வருமானத்தை மறைக்கக் கூடாது.
- ஆட்சென்ஸ்ல அமெரிக்க வரி ஃபார்மை நிரப்புங்க. நிரப்பினா அமெரிக்காவுல பார்த்தவங்க மூலமா வந்த வருமானத்துல மட்டும் 15 சதவீதம் பிடிப்பாங்க. நிரப்பலன்னா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரை போகலாம்.
- சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு. புதுச்சேரிக்கும் அதே வரம்புதான்.
- உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வேற வருமானம் பார்க்க அனுமதி வேணும்னு இருந்தா, எச்ஆர்க்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

இதுல உண்மையான லாபம் எது?

டெலிகிராம்ல ஒருத்தர் எஃப் அண்ட் ஓ லாப ஸ்க்ரீன்ஷாட் போடுறார். அது என்ன? அதுவும் ஒரு மான்டேஜ்தான். 15 அடியைத் தடுத்ததைக் காட்டுவார், இறுதி ஆட்டத்துல தோத்ததைக் காட்ட மாட்டார். 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2022-லருந்து 2024 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. நம்ம போனுக்கு வர்றது என்னவோ மிச்சம் 7 சதவீதத்தோட ஹைலைட்ஸ் மட்டும்தான்.

வாரம் ஒரு ஹைலைட் வீடியோவை எடுத்து "முன்னாடி என்ன நடந்தது, பின்னாடி என்ன ஆச்சு?"ன்னு தோண்டிப் பழகின ஒருத்தர், ஸ்க்ரீன்ஷாட் பார்த்து ஏமாற மாட்டார். சேனல்ல மாசம் 2,000 வரலாம், வராமலும் போகலாம். இந்தப் பழக்கம் காப்பாத்துற காசு அதை விடப் பெருசு.

அதனால இப்படிச் செய்ங்க. வேலையை விடாதீங்க, கடன் வாங்காதீங்க. மூணு மாசம், வாரத்துக்கு ஒண்ணுன்னு 12 ரிவ்யூ போடுங்க. செலவு வரம்பு 3,000 ரூபா, மைக்குக்கு. ஒரு நோட்டுல எத்தனை மணி நேரம் போச்சு, எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு எழுதிட்டே வாங்க. 12-வது வீடியோ முதல் வீடியோவை விட நல்லா இருந்து, உங்களுக்கும் அது பிடிச்சிருந்தா தொடருங்க. இல்லன்னா போனது 3,000 ரூபாதான், மைக் உங்ககிட்டயே இருக்கும்.