அரிவாள் வீச்சு, காலில் பாய்ந்தது குண்டு!
தேவதானம் இரட்டைக் கொலையில் ஒரு கேள்வி

ராஜபாளையம் அருகே தேவதானம் கோவிலில் 2025 நவம்பர் 10-ந்தேதி இரவு காவலுக்குப் படுத்திருந்த இரண்டு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உண்டியல் பணத்துக்காக நடந்த இந்தப் பயங்கரம் விருதுநகர் மாவட்டத்தையே உலுக்கி விட்டது. இரண்டொரு நாளில் உள்ளூர் வாலிபர் ஒருவர் சிக்கினார்.

அதன் பிறகு நடந்ததுதான் பரபரப்பு. மறைத்து வைத்த பொருளை எடுத்துத் தருவதாகச் சொன்னவரை போலீசார் அழைத்துப் போனார்கள். அங்கே அவர் அரிவாளை எடுத்து சப்-இன்ஸ்பெக்டரை வெட்டினார், உடனே இன்ஸ்பெக்டர் துப்பாக்கியால் காலில் சுட்டார் என்று போலீஸ் தரப்பில் கூறப்பட்டது. வெட்டுப்பட்டவர், குண்டடிபட்டவர் இரண்டு பேருமே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

"வெட்ட வந்தா சும்மாவா நிப்பாங்க?" இதுதான் ஊர்ப்பேச்சு. பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 18-ல் தூத்துக்குடி மாவட்டம் மணக்கரையில் ரவுடியைப் பிடிக்கப் போன போலீஸ்காரர் நாட்டு வெடிகுண்டு வீச்சில் பலியானார். 2025 ஜூலையில் நெல்லை மாவட்டம் பாப்பாக்குடியில் தகராறை விலக்கப் போன சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார். கதவையும் அரிவாளால் வெட்டினார்கள், அதனால்தான் சுட்டார் என்றது போலீஸ். 17 வயது பையன் குண்டடிபட்டான்.

ஆனால் தேவதானம் கதை வேறு. அவர் தெருவில் அரிவாளோடு நின்றவர் அல்ல. போலீஸ் பிடியில் இருந்தவர். அவர் கைக்கு அரிவாள் எட்டியது எப்படி?

2025 ஆகஸ்டில் உடுமலை பக்கம் குடிமங்கலத்திலும் இதே மாதிரிதான். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரை வெட்டிக் கொன்ற வழக்கில் பிடிபட்டவர், ஆயுதத்தைக் காட்ட அழைத்துப் போன இடத்தில் பாய்ந்தார் என்றார்கள். அங்கே குண்டு காலில் படவில்லை, ஆள் பிணமானார்.

கைதி காட்டிக் கொடுத்த இடத்தில் கத்தியோ அரிவாளோ கிடைத்தால் கோர்ட்டில் அது பலமான சாட்சியம். அதனால்தான் போலீசார் கூட்டிப் போகிறார்கள். ஆயுதம் இருக்கும் என்று தெரிந்தே போகிற இடம் அது! 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம், கொலைக் கைதியைக் கைது செய்யும்போதும் கோர்ட்டுக்குக் கொண்டு போகும்போதும் விலங்கு போட அனுமதிக்கிறது. நடுவில் நடக்கும் இந்தப் பயணம் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

சுட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

சுப்ரீம் கோர்ட் 2014 செப்டம்பரில் கண்டிப்பாகச் சொல்லி விட்டது. எப்.ஐ.ஆர். போட வேண்டும். விசாரணையை சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீசார் நடத்த வேண்டும். காயம்பட்டவரின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டோ டாக்டரோ வாங்க வேண்டும். சுட்டவருக்கு உடனே பதவி உயர்வோ பரிசோ கூடாது. ஆள் செத்தால்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! படுகாயத்துக்கும் முடிந்தவரை பொருந்தும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

சிவகாசி வட்டாரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாசுக் கடை, மருந்து அறை, சரக்கு லாரி. இங்கே குறி தப்பிய ஒரு தோட்டா எங்கே போய் விழும் என்பதையும் சுடுகிறவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தேவதானத்தில் குண்டடிபட்டவர் பிழைத்திருக்கிறார். அரிவாள் அவர் கைக்கு வந்த விதத்தை அவரிடமே கேட்கலாம். குடிமங்கலத்தில் அதற்கு வழியில்லை.