பாட்டில் கஷாயத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம்

"கஷாயம் காய்ச்சிக் குடிக்கல்லாம் நேரமில்லீங்க டாக்டர்... ரெடிமேடா ஏதாச்சும் இருந்தா குடுங்க!"

மரக்காணம் உப்பளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. நியாயம்தான். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பெண்மணி, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தால் அன்றைய கூலி யார் தருவார்கள்?

ஒரு காலத்தில் வைத்தியர் சரக்குப் பட்டியலை எழுதித் தருவார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, இடித்து, காய்ச்சுவது வீட்டாரின் வேலை. சரக்கு பழசா, போலியா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்!

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கேரளத்து பி.எஸ்.வாரியர். (நான் சித்த வைத்தியன். ஆனாலும் ஆயுர்வேதக்காரர் செய்த நல்லதைச் சொல்ல எனக்கென்ன தயக்கம்?) 1869-ல் பிறந்த இவர், அஷ்ட வைத்தியர் பரம்பரையைச் சேர்ந்த குட்டஞ்சேரி மூஸிடம் குருகுலமாகப் படித்தார். பிறகு டாக்டர் வர்கீஸ் என்பவரிடம் அலோபதியும் கற்றார். 1902-ல் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலையைத் தொடங்கினார். சாஸ்திரப்படி தயாரித்த மருந்து, கையில் வாங்கி அப்படியே சாப்பிடுகிற மாதிரி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1924-ல் ஏழைகளுக்குத் தர்ம ஆஸ்பத்திரியும் வந்தது.

நான் பெரிதாக நினைப்பது அடுத்து அவர் செய்ததைத்தான். நம் பக்கத்தில் பரம்பரை வைத்தியர் ஒருவர் கண்ணை மூடினால் என்ன நடக்கிறது? ஓலைச்சுவடி ஒரு மகனுக்கு, கல்வம் இன்னொருவருக்கு. கைப்பக்குவம் யாருக்கும் இல்லை! சில வீடுகளில் சுவடி பரணில் கிடந்து செல்லரித்தே போய்விடுகிறது.

வாரியர் முன்யோசனைக்காரர். 1939-லேயே உயில் எழுதி, வைத்திய சாலையை அறக்கட்டளை ஆக்கினார். குடும்பத்தார் நடத்தலாம், கூறுபோட முடியாது. 1944-ல் அவர் காலமானதும், மருமகன் முறையான மாதவ வாரியர் பொறுப்பேற்றார். 1953-ல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். வேறு கடையாக இருந்தால் அன்றோடு ஷட்டர் இறங்கியிருக்கும். அவருடைய தம்பி பி.கே.வாரியர் பொறுப்புக்கு வந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். சென்னை, கோவை, மதுரை என்று கிளைகள் நமக்கும் பழக்கமாயின. கஷாயமே மாத்திரை வடிவத்திலும் வந்தது. 2021-ல், நூறு வயது நிறைந்த அடுத்த மாதம், அவர் காலமானார். பொறுப்பு அதே குடும்பத்து டாக்டர் பி.எம்.வாரியரிடம் வந்தது.

பேர் பெற்ற கம்பெனி என்பதற்காக நீங்களாகவே வாங்கிக் குடித்துவிடாதீர்கள். பாட்டில் கஷாயம் செறிவானது. வைத்தியர் சொன்ன அளவை, காய்ச்சி ஆறிய வெந்நீரில் கலந்துதான் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். லேபிளில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நீராவியும் உப்புக் காற்றும் படாமல் மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள். திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்து, "மிச்சம் இருக்கே" என்று அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது.